மலையில் கரையும் மண்ணும் அணையில் பச்சையாகும் தண்ணீரும்

பவானிக்கரை எழுதியது:

சிறுமுகைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். நீலகிரியில் மழை பிடித்தால் பவானி செம்மண் குழம்பாக இறங்கும். அது தெளிந்து கொஞ்ச நாள் கழித்துப் பவானிசாகர் நீர்தேங்கும் பகுதியில் ஆகாயத்தாமரை ஏறும், கரையோரத் தண்ணீர் பச்சை பிடிக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் ஆலைக் கழிவு, சாக்கடை என்று இரண்டு பதில்தான். இரண்டும் இருக்கிறது, மறுக்கவில்லை.

என் கேள்வி வேறு. மலையிலிருந்து இவ்வளவு மண் வருகிறதே, அதற்கும் இந்தப் பச்சைக்கும் சம்பந்தம் உண்டா? மண் அடியில் போய் உட்கார்ந்துவிடும், அணையின் கொள்ளளவு குறையும், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்கிறார் பொறியாளர் நண்பர் ஒருவர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேத்திக்காரன் எழுதியது:

ஆரம்பித்துவிட்டீர்களா? அடுத்த வரியில் மலை விவசாயிதான் குற்றவாளி என்று யாராவது எழுதுவார்கள், பாருங்கள்.

ஊட்டி ஏரியைக் கெடுத்தது கேரட் போடுகிறவனா? ஊர்ச் சாக்கடை. ரிசார்ட்டுக்கு மலையைச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்ணை ஓடையில் தள்ளுவது யார்? ரோடு அகலப்படுத்தும்போது மண் எங்கே போகிறது? நான் உரம் வாங்குவது கைக்காசு போட்டு. அதை ஆற்றில் கரைக்க எனக்கு என்ன பைத்தியமா?

மண்வாசி எழுதியது:

கேத்திக்காரன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஊட்டி ஏரி விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி, அங்கே முதல் பிரச்சினை சாக்கடை. ஆனால் பவானிக்கரை கேட்டது ஊட்டி ஏரியைப் பற்றி இல்லை. மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாசிக்கும் பயிரைப் போலவே தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் வேண்டும். ஏரி, அணை போன்ற நன்னீரில் பெரும்பாலும் தட்டுப்பாடு மணிச்சத்துக்குத்தான், அதாவது பாஸ்பரஸுக்கு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து ஏரி ஒன்றில், 1973ல் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு நடுவில் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபாதியில் அந்த இரண்டோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையாகிப் போனது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் திரையின் கோடு அப்படியே தெரியும். தழைச்சத்து, மணிச்சத்து இரண்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு, கடலோர நீரில் கதையே வேறு. ஆனால் மலை அணைகளைப் பொறுத்தவரை என் கண் மணிச்சத்து மேல்தான்.

அடுத்து, மணிச்சத்து எப்படிப் பயணம் செய்கிறது? யூரியாவில் இருக்கும் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு கரைந்து கீழே இறங்கிவிடும். மணிச்சத்து அப்படி இல்லை. மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நீலகிரி மண் அமில மண். அதன் செம்மைக்குக் காரணமே இரும்பு ஆக்ஸைடுகள். இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கண்டால் விடாது. அதனால்தான் பயிருக்குக் கிடைக்கவில்லை என்று விவசாயி மேலும் மேலும் போடுகிறார். வருஷக் கணக்கில் போட்டது எல்லாம் மேல்மண்ணில் தங்கிக் கிடக்கிறது. அந்த மேல்மண் பெயர்ந்தால் சத்தும் கூடவே போகும். கேத்திக்காரன் உரத்தைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டவில்லை, மண் கொண்டுபோகிறது.

இன்னொன்று, மழைநீர் எல்லா மண்ணையும் ஒரே மாதிரி எடுத்துப் போகாது. மணலும் சரளையும் வயலின் கீழ்க்கோடியிலேயே நின்றுவிடும். பொடிக் களியும் மக்கும்தான் ஓடையில் மிதந்து போகும். சத்து ஒட்டிக்கிடப்பதும் அதில்தான். ஆகவே ஓடையில் போகும் ஒரு கிலோ மண்ணில், வயலில் அள்ளிய ஒரு கிலோ மண்ணைவிட மணிச்சத்து அதிகம்.

பவானிக்கரை எழுதியது:

அருமை ஐயா. கணக்காகச் சொல்ல முடியுமா? ஒரு ஏக்கரில் எவ்வளவு போகும்?

மண்வாசி எழுதியது:

தோராயக் கணக்குதான், வயலுக்கு வயல் மாறும்.

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. கனம் மண் போனால் சுமார் 4 கன மீட்டர், எடைக்கு 5 டன் வைத்துக்கொள்ளலாம். 1 மி.மீ. போனது வயலைப் பார்த்தால் தெரியவே தெரியாது. காய்கறி போட்டு உரம் ஏறிய மண்ணில் டன்னுக்கு ஒரு கிலோ பாஸ்பரஸ் என்று வைப்போம். 5 கிலோ போயிற்று. ஒரு மூட்டை டிஏபி உரம் 50 கிலோ. அதில் 46 சதவீதம் என்று அச்சடித்திருப்பது பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு கணக்கு, தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் மூட்டைக்கு 10 கிலோதான். ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டரில் அரை மூட்டை டிஏபியின் மணிச்சத்து போய்விட்டது.

தண்ணீர்ப் பக்கம் பார்த்தால், ஒரு லிட்டரில் 30 மைக்ரோகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே ஏரி பச்சைப் பக்கம் சாயத் தொடங்கிவிடும். மண்ணோடு போகும் 5 கிலோவும் பாசிக்கு உடனே கிடைக்காது. கால் பங்கு கிடைத்தது என்றாலும் 1.25 கிலோ. அது சுமார் 4 கோடி லிட்டர் தண்ணீரை அந்த 30 மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுபோகப் போதும்.

பயிருக்கு இது அற்பம், அதனால் விவசாயிக்கு உறைக்காது. தண்ணீருக்கு இது ஏராளம். இந்த இரண்டு அளவுகோலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் பிரச்சினையே.

கேத்திக்காரன் எழுதியது:

சரி, கணக்கு புரிகிறது. அதே கணக்கைச் சாக்கடைக்கும் போடுங்கள்.

மண்வாசி எழுதியது:

போடாமல் விடுவேனா. ஒரு ஆள் மல மூத்திரத்தில் ஒரு வருஷத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் பாஸ்பரஸ் வெளியேறும். சீசனில் மலையில் எத்தனை ஆயிரம் பேர் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். போதாததற்கு, சாக்கடையில் வருவது பெரும்பாலும் கரைந்த நிலையில் இருப்பதால் பாசிக்கு நேரடிச் சாப்பாடு. ஊருக்குக் கீழே இருக்கும் ஏரிக்கு முதல் எதிரி சாக்கடை என்று நீங்கள் சொன்னதை இந்தக் கணக்கும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஊர் இல்லாத, தோட்டம் மட்டும் இருக்கிற சரிவுக்குக் கீழே தண்ணீர் பச்சையானால் அங்கே சாக்கடையைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

நாற்றங்கால் எழுதியது:

இதற்குத்தான் தொண்டை கிழியக் கத்துகிறோம். ரசாயன உரத்தை நிறுத்துங்கள், இயற்கைக்குத் திரும்புங்கள். எருப் போட்டால் ஆறு பச்சையாகுமா?

மண்வாசி எழுதியது:

ஆகும் தம்பி. பாசிக்கு மணிச்சத்து மூட்டையிலிருந்து வந்ததா, கோழிப் பண்ணையிலிருந்து வந்ததா என்று பார்க்கத் தெரியாது.

மலைக்கு லாரி லாரியாக ஏறுவது கோழி எருதான். அதில் தழைச்சத்தோடு ஒப்பிட்டால் மணிச்சத்து மிக அதிகம், பயிர் எடுக்கிற விகிதத்துக்கு இரண்டு மூன்று மடங்கு. தழைச்சத்துத் தேவைக்குக் கணக்குப் பார்த்து எருப் போட்டால் மணிச்சத்து வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும். எரு மண்ணைக் கட்டுக்கோப்பாக வைக்கும், அரிப்பைக் குறைக்கும், அந்த நன்மையை நானும் சொல்வேன். ஆனால் மேலாகத் தூவிவிட்டு அன்று இரவே மழை அடித்தால் எருவே ஓடையில் போகும்.

ஜார்டெஸ்ட் எழுதியது:

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. எந்த ஊர் என்று வேண்டாம், பவானித் தண்ணீர்தான். கோவைக்குப் பில்லூர் அணையிலிருந்து குடிநீர் போவது எல்லோருக்கும் தெரியும். அந்த அணைக்கு மேலே குந்தாப் பக்கத்துச் சரிவு முழுக்கத் தேயிலையும் காய்கறியும். பில்லூரில் வண்டல் ஏறிக்கிடப்பதும் ஊரறிந்த சங்கதி.

எங்களுக்கு இரண்டு விதமான கெட்ட நாட்கள் உண்டு. முதலாவது செந்தண்ணீர் நாள். கலங்கல் ஏறும். ஆறு பீக்கரில் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு ஆலம் (படிகாரம்) போட்டுச் சுற்றவிட்டு, எதில் திரள் நன்றாகக் கட்டுகிறது என்று பார்த்து டோஸை ஏற்றுவோம். செலவு ஏறும், சகதி அதிகம் விழும், ஆனால் சமாளித்துவிடலாம். களித்துகள் கனமானது, திரண்டால் இறங்கிவிடும்.

இரண்டாவது பச்சை நாள். அதுதான் தலைவலி. பாசி மிதக்கும். ஆலத்துக்குச் சரியாக அடங்காது. மணல் வடிகட்டியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து அடைக்கும், தண்ணீரைக் கீழிருந்து திருப்பி விட்டுக் கழுவும் பேக்வாஷ் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். அப்புறம் மண்வாடை. குழாயில் மண்வாடை வருகிறது, தொட்டி கழுவவில்லையா என்று ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அது சில நீலப்பச்சைப் பாசிகள் விடும் ஜியோஸ்மின் என்ற பொருள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும், குளோரின் போட்டாலும் போகாது. வாடையாவது பரவாயில்லை. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நச்சும் விடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மைக்ரோசிஸ்டின் நச்சுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது அழியாது.

வீட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அணைக் கரையில் காலையில் காற்று அடங்கியிருக்கும்போது பாருங்கள். பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் மேலாகப் படர்ந்து, கையில் அள்ளினால் ரவை ரவையாக இருந்தால் நீலப்பச்சைப் பாசி. நூல் நூலாகக் கையில் சுற்றிக்கொண்டு வந்தால் அது சாதாரணப் பாசி. அள்ளினால் கையைக் கழுவிவிடுங்கள். மாட்டை அந்தப் பக்கம் இறக்காதீர்கள்.

நாற்றங்கால் எழுதியது:

நீலப்பச்சைப் பாசியை நெல் வயலில் உயிர் உரம் என்று வேளாண்மைத் துறையே கொடுக்கிறதே?

ஜார்டெஸ்ட் எழுதியது:

குடும்பம் பெரியது. நெல்லுக்குக் கொடுப்பது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் இனங்கள். எனக்கு வடிகட்டியை அடைப்பது அதன் சித்தப்பா மகன்.

பவானிக்கரை எழுதியது:

என் நண்பரின் கேள்வி இன்னும் நிற்கிறது. மண் அடியில் உட்கார்ந்துவிட்டால் மணிச்சத்தும் அதோடு புதைந்துவிடாதா?

மண்வாசி எழுதியது:

இதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். அடியில் ஆக்ஸிஜன் இருக்கும்வரை நண்பர் சொல்வது சரி. இரும்பு மணிச்சத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும்.

ஆழமான அணையில் வெயில் காலத்தில் மேல் தண்ணீர் சூடாகும், கீழே குளிர்ந்தது கனமாகக் கிடக்கும். இரண்டும் கலக்காது. அடியில் மக்கிக்கொண்டிருக்கும் இலை தழை, செத்த பாசி எல்லாம் இருக்கிற ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்துவிடும். ஆக்ஸிஜன் போனதும் இரும்பின் ரசாயன நிலை மாறும், பிடி தளரும், மணிச்சத்து கரைந்து தண்ணீருக்குள் வரும். மழையோ காற்றோ வந்து அடித்தண்ணீரைக் கலக்கிவிட்டால் அது மேலே பாசிக்குப் போய்ச் சேரும். அந்தப் பாசி செத்து அடியில் விழுந்தால் இன்னும் ஆக்ஸிஜன் குறையும். ஒருமுறை சுழல ஆரம்பித்துவிட்டால் வெளியிலிருந்து வருவதை நிறுத்தினாலும் பல வருஷம் ஓடும். போன தலைமுறை போட்ட உரத்துக்கும் சேர்த்து இந்தத் தலைமுறை தண்ணீர் பச்சையாகிறது. பொறியாளர் வண்டலைக் கன மீட்டரில் மட்டும் அளக்கிறார், அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அவரிடம் இதை மரியாதையாகச் சொல்லுங்கள்.

வெலிமடை ராணி எழுதியது:

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைப்பது அப்படியே எங்கட கதை. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் சரிவு முழுக்க உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட். இங்கேயும் மரக்கறித் தோட்டங்களில் மணிச்சத்து மண்ணில் அளவுக்கு மீறிச் சேர்ந்திருப்பதாக மண் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. இந்த மண் எல்லாம் மகாவலிக்குத்தான் போகும். பொல்கொல்லை அணைக்கட்டு வண்டலால் எப்படித் தூர்ந்தது என்பது இங்கே பாடப் புத்தகக் கதை. 1991ல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் பெருகித் தண்ணீர் பச்சையானது. அப்போது நீர்த்தேக்கம் கட்டி ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது.

மண் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கு 1951 முதலே இருக்கிறது. சட்டம் இருந்து என்ன? 2021ல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள். அதே வருஷ முடிவுக்குள் தடையை விலக்க வேண்டி வந்தது. விளைச்சல் விழுந்ததுதான் மிச்சம். சரிவில் ஒரு வரம்பு கூட அதனால் கூடுதலாகக் கட்டப்படவில்லை. அதனால் நாற்றங்கால் தம்பி, தடை என்று யாராவது சொன்னால் எங்களுக்கு உடம்பு பதறும்.

கேத்திக்காரன் எழுதியது:

அக்கா சொன்னதுக்கு ஒரு கும்பிடு.

இப்போது என் பக்கத்தையும் கேளுங்கள். சரிவுக்கு நெடுக்காக ஏன் பார் (செடி நடும் மண்மேடு) பிடிக்கிறீர்கள், குறுக்காகப் பிடிக்கத் தெரியாதா என்று ஆபீசர்கள் வந்து கேட்பார்கள். தெரியாமல் இல்லை. குறுக்கே பிடித்தால் தண்ணீர் நிற்கும். கிழங்கு அழுகும். ஈரம் நின்றால் பின் இலைக்கருகல் வரும், அது வந்தால் ஒரு வாரத்தில் காடு கருகிவிடும். நெடுக்கப் பிடித்தால் தண்ணீர் வடிந்துவிடும், ஆள் ஏறி இறங்கி வேலை செய்யவும் சுலபம். மண் போகும் என்பது கண்ணால் பார்த்ததுதான். வயலின் அடியில் சேர்ந்த மண்ணைக் கூடையில் அள்ளி மேலே போடுவதை எங்கள் அப்பா காலத்தில் செய்தார்கள். இன்றைக்குக் கூலி கொடுத்து யார் செய்வது?

அதைவிடப் பெரிய விஷயம், பாதிப் பேர் வைத்திருப்பது குத்தகை நிலம். ஒரு போகம், இரண்டு போகம், மிஞ்சினால் மூன்று வருஷம். அடுத்தவன் நிலத்தில் நான் படித்தளம் வெட்டிக் கல் அடுக்கினால் அடுத்த வருஷம் குத்தகையை ஏற்றிக் கேட்பான், இல்லை வேறு ஆளுக்கு விட்டுவிடுவான். கேரட் விலை இன்றைக்கு ஏறும், அடுத்த வாரம் மேட்டுப்பாளையம் மண்டியில் வண்டி வாடகைக்கே காணாது. இந்த நிலைமையில் நான் இருபது வருஷத்துக்கு மண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மண்வாசி எழுதியது:

இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான். பாசியைப் பற்றி நான் எழுதியது புத்தகத்தில் கிடைக்கும், இது கிடைக்காது.

உதகையில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954லிருந்து இருக்கிறது. உருளைக்கிழங்கை நெடுக்காகவும், சரிவுக்குக் குறுக்கே சம உயரக் கோட்டிலும் போட்டுப் பார்த்து, சம உயரத்தில் மண் இழப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று எப்போதோ காட்டிவிட்டார்கள். தண்ணீர் நிற்கும் என்ற உங்கள் பயத்துக்கும் அங்கே பதில் உண்டு. படித்தளத்தை வெளிப்பக்கம் சரியவிடாமல் உட்பக்கம் லேசாகச் சரித்து வெட்டி, மலைச்சுவர் ஓரமாக வடிகால் கொடுப்பது. தண்ணீர் தேங்காது, வேகமாக வெளியே பாயவும் செய்யாது. தொழில்நுட்பம் எழுபது வருஷமாகத் தயார். வெட்டுகிற செலவு குத்தகைக்காரர் தலையில், பலன் நிலக்காரருக்கும் கோவைக் குடிநீருக்கும். அதனால்தான் அது சரிவில் ஏறவில்லை. இதற்கு விவசாயிக்குப் புத்தி சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மின்சாரம் எடுக்கிறவர்களும் தண்ணீர் குடிக்கிறவர்களும் படித்தளத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். குத்தகையை எழுத்தில் ஐந்து வருஷத்துக்காவது போட வழி செய்ய வேண்டும். அணைக்குள் இறங்கி வண்டல் அள்ளுகிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

டொலிடோவாசி எழுதியது:

அமெரிக்காவில் ஈரி ஏரிக் கரையில் இருக்கிறேன். மண்ணைப் பிடித்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஏரியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1960களில் ஈரி ஏரி செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 1972ல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, சாக்கடைச் சுத்திகரிப்பு, சோப்புத்தூளில் பாஸ்பேட் குறைப்பு என்று இறங்கின. ஏரி நன்றாகவே தேறியது. கூடவே, ஏரியில் வந்து கலக்கும் மௌமி ஆற்றுப் பக்கத்து விவசாயிகளை உழாமல் விதைக்கச் சொன்னார்கள். மண் அரிப்பு குறைந்தது, மண்ணோடு வரும் பாஸ்பரஸும் குறைந்தது. அப்புறம் 1990களின் நடுவிலிருந்து பாசி திரும்ப வந்தது. 2011ல் பெரிதாக வந்தது. 2014 ஆகஸ்டில் எங்கள் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் நச்சு என்று சொல்லி, நாலைந்து லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட மூன்று நாள் குடிக்காதீர்கள் என்று உத்தரவு. கடைகளில் பாட்டில் தண்ணீர் காலி, ஜனங்கள் பக்கத்து மாநிலத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

என்ன நடந்தது என்றால், உழாததால் மேலே தூவிய உரம் மேலேயே தங்கியது. மேல் இரண்டு மூன்று அங்குலத்தில் பாஸ்பரஸ் குவிந்தது. நிலத்தடியில் போட்டிருக்கும் வடிகால் குழாய் வழியாக அது கரைந்த நிலையில் நேராக ஆற்றுக்கு வந்தது. கரைந்தது பாசிக்கு முழுசாகக் கிடைக்கும் என்று மேலே ஒருவர் சொன்னாரே, அதேதான். உழாமை ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மழையும் பலத்திருக்கிறது, குழாய்களும் கூடியிருக்கின்றன, அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் மண்ணை நிறுத்திவிட்டு உரத்தைப் பழையபடி தூவிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஏரியே சாட்சி.

கரம்பை எழுதியது:

சிவகங்கைப் பக்கத்து ஆள். எங்களுக்கு மலையும் இல்லை, கேரட்டும் இல்லை, கண்மாய்தான். எங்கள் தாத்தா காலத்தில் கோடையில் கண்மாய் வற்றினால் மாட்டுவண்டி கட்டிக் கரம்பை (கண்மாய் வண்டல்) அடிப்பார்கள். வயலிலிருந்து போன மண்ணைத் திரும்ப வயலுக்கே கொண்டுவந்ததுதான் அது, கண்மாயும் ஆழமாகும். ரசாயன உரம் வந்தபின் வண்டி கட்டுவது நின்றது. 2017லிருந்து அரசு வண்டலை இலவசமாக அள்ளிக்கொள்ளச் சொல்கிறது. 2024ல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிமைப்படுத்தினார்கள். அள்ளுவதில் செங்கல் சூளைக்குப் போவது எவ்வளவு, வயலுக்குப் போவது எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

பில்லூர் வண்டலையும் இப்படி அள்ளலாமே?

மண்வாசி எழுதியது:

கண்மாய் வற்றும், வண்டி இறங்கும். மலை இடுக்கில் இருக்கும் மின்சார அணையை வற்றவிடுவார்களா? அள்ளினாலும் அந்த மண்ணைத் திரும்ப ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். சமவெளியில் சாத்தியமானது அங்கே கஷ்டம். அங்கே மண்ணை வயலின் அடியிலேயே மறிப்பதுதான் வழி.

1983ல் துருவநாராயணா, ராம்பாபு இருவரும் போட்ட பழைய மதிப்பீடு ஒன்று உண்டு. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 533 கோடி டன் மண் பெயர்கிறது, அதில் 29 சதவீதம் கடலுக்குப் போகிறது, 10 சதவீதம் அணைகளில் தங்குகிறது, மீதி இடம் மாறி நிலத்திலேயே கிடக்கிறது என்றார்கள். பெரும்பங்கு நிலத்தை விட்டே போகவில்லை, பாருங்கள். பாதி வழியில் மறிக்க இடம் இருக்கிறது என்றுதான் நான் அதைப் படிப்பேன்.

மட்டுறுத்துனர் எழுதியது:

ரிசார்ட் பெயர்களைக் குறிப்பிட்ட இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டோம். இழையைத் தொடருங்கள்.

கேத்திக்காரன் எழுதியது:

சரி ஐயா, கார்போகம் வருகிறது. ஏப்ரல், மே கோடை மழை புதிதாகக் கொத்திய மண்ணில் விழும்போதுதான் அதிகம் போகும், அதுவும் எனக்குத் தெரியும். குத்தகை நிலம், படித்தளம் வெட்ட முடியாது. கைக்காசு போகாமல் நான் என்ன செய்யலாம்? கூட்டத்தில் சொல்வதுபோல் சொல்லாமல் நேராகச் சொல்லுங்கள்.

மண்வாசி எழுதியது:

முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நிறைய வருஷம் காய்கறி போட்ட நிலமாக இருந்தால் மணிச்சத்து "அதிகம்" என்றுதான் வரும் என்று பந்தயம் கட்டுவேன். ஏக்கருக்கு 9 கிலோவுக்கு மேல் கிடைக்கும் நிலையில் இருந்தாலே மண் பரிசோதனை அட்டையில் அப்படித்தான் எழுதுவார்கள். உங்களுடையது அமில மண் என்பதால் அதற்கேற்ற முறையில் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் என்று வந்தால் இந்தப் போகம் டிஏபியைப் பெருமளவு குறைக்கலாம். கைக்காசு போவதற்குப் பதில் மிச்சமாகும். அமிலத்தைச் சரிசெய்ய டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் பொடி) போட்டால் மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தில் கொஞ்சம் பயிருக்குக் கிடைக்கும்.

போடுகிற உரத்தைத் தூவாமல் பாரில் வைத்து மூடுங்கள். டொலிடோக்காரர் சொன்னதைப் படித்தீர்கள் அல்லவா. மழை வரும் அறிகுறி இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். வருஷத்தில் போகும் மொத்த மண்ணில் பெரும்பகுதி சில பெரிய மழைகளில்தான் போகும். அந்த மழைகளின்போது மண் திறந்து கிடக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நெடுக்கப் பாரை விட மனமில்லை என்றால் நடுநடுவே குறுக்காகப் புல் வரிசை விடுங்கள். தண்ணீர் வேகம் அங்கே உடையும். வயலின் அடியில், ஓடைக்கு முன்னால், இரண்டடி ஆழத்தில் நீள்குழி ஒன்று. மழைக்குப் பிறகு அதில் சேர்ந்ததை அள்ளி மேல் வரிசைக்குப் போடுங்கள். கூடையில் ஏக்கர் முழுக்க ஏற்றுவதைவிட இது சின்ன வேலை. அப்புறம் கேரட் கழுவும் தண்ணீர். மிஷினிலிருந்து நேராக ஓடைக்குக் குழாய் விட்டிருப்பார்கள். கேரட்டில் ஒட்டிவரும் மண் உங்கள் வயலின் முதல் தர மேல்மண். இரண்டு தொட்டி கட்டி மண்ணைத் தங்கவிட்டால் வண்டி வைத்து எடுத்துப் போகலாம். இது தனி ஆளால் ஆகாது, மிஷின்காரரோடு நாலு பேர் சேர்ந்து பேச வேண்டும்.

கேத்திக்காரன் எழுதியது:

குழியும் புல்லும் முடியும். டிஏபி குறைப்பது அட்டை வந்ததும் பார்க்கிறேன், நிலக்காரன் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, நல்ல வேளை. மிஷின்காரர் எங்கள் பெரியப்பா மகன், அவரிடம் பேசுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். என்ன புல் வைப்பது? கிகுயு வேண்டாம், அது வயலுக்குள் ஓடி வந்து என்னையே விரட்டும்.

மண்வாசி எழுதியது:

கிகுயு வேண்டவே வேண்டாம். உங்கள் உயரத்துக்கு வெட்டிவேரும் மந்தமாகத்தான் வரும், குளிருக்கும் பனிக்கும் அதற்கு ஆகாது. கொத்தாக நின்று வளர்கிற உள்ளூர்த் தீவனப் புல் எதுவானாலும் சரி. மாட்டுக்கும் ஆகும். வெட்டி எடுத்தால் அதில் ஏறிய சத்தும் வயலை விட்டு வெளியே போகும், ஓடைக்குப் போகாது.

பவானிக்கரை எழுதியது:

ஜார்டெஸ்ட் அண்ணா, இந்த மழைக்கு நான் சிறுமுகையில் தண்ணீர் பிடித்து அனுப்பினால் எங்கேயாவது பார்க்கச் சொல்ல முடியுமா?

ஜார்டெஸ்ட் எழுதியது:

கல்லூரி ஆய்வகம் ஒன்றில் தெரிந்தவர் இருக்கிறார், கேட்கிறேன். மொத்தப் பாஸ்பரஸ், கரைந்த பாஸ்பரஸ் இரண்டும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணோடு வந்தது எது, சாக்கடையில் வந்தது எது என்று ஊகிக்கக்கூட முடியாது. செந்தண்ணீர் ஏறும்போது ஒன்று, உச்சத்தில் ஒன்று, வடியும்போது ஒன்று பிடியுங்கள். கரையோரத்தில் பிடிக்காமல் ஓட்டத்தில் பிடியுங்கள். அன்றைக்கே ஐஸில் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீர்கள், அதிலேயே பாஸ்பேட் இருந்துவிட்டால் கேத்திக்காரர் நம்மைச் சும்மா விடமாட்டார்.